மண்ணை எரித்தார்கள் என்று எழுதினேனே, அதற்கு ஒரு புதுப்பிப்பு

வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் ஏஜென்ட் ஆரஞ்சு (வியட்நாம் போரில் காட்டை அழிக்க அமெரிக்கா தெளித்த களைக்கொல்லி) விட்டுப்போன டையாக்சின் என்ற நச்சு கலந்த மண்ணை 'எரித்தார்கள்' என்று போன இழையில் எழுதியிருந்தேன். தப்பு. தீயே கிடையாது. மண்ணைத் தோண்டியெடுத்து, கான்கிரீட் சுவருக்குள் பெரிய மேடாகக் குவித்து, மேலிருந்து வரிசையாக மின் ஹீட்டர் குழாய்களை இறக்கி, மூடிப்போட்டு, 335 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினார்கள். டையாக்சினில் பெரும்பகுதி அந்தச் சூட்டில் மண்ணுக்குள்ளேயே சிதைந்துவிடும். ஆவியாகி வருவதை உறிஞ்சி வடிகட்டிப் பிடித்தார்கள்.

சூடாக்க ஏன் மாதக்கணக்கில் ஆனது என்று ஒருவர் கேட்டிருந்தார். தண்ணீர்தான் காரணம். ஈரம் முழுக்க ஆவியாகும் வரை மண் 100 டிகிரியைத் தாண்டாது, நாம் கொட்டும் மின்சாரமெல்லாம் அதற்கே போகும், அடுப்பில் குழம்பு வற்றக் காத்திருக்கிற மாதிரிதான், ஆனால் இங்கே இரண்டு கட்டமாக மொத்தம் சுமார் 90,000 கன மீட்டர் குழம்பு!

வேலை 2012-இல் தொடங்கி 2018-இல் முடிந்தது. அப்புறம், இதே நச்சு இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிற பியன் ஹோவா விமானத் தளத்தில் வேலை இன்னும் முடியவில்லை.

சூடாக்கிச் சுத்தம் செய்த மண்ணில் விவசாயம் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சூட்டில் மண்ணுக்கு வளம் தரும் மட்கும் நுண்ணுயிர்களும் மிஞ்சாது. பள்ளம் நிரப்பத்தான் லாயக்கு.