புதுப்பிப்பு: காமிக்ஸ் அச்சில் கோடுகள் மங்கிய பிரச்சினை தீர்ந்தது

கும்பகோணத்தில் நானே வரைந்து அச்சடிக்கும் 30 பக்கக் காமிக்ஸின் மாதிரித் தாள்களில், மைக்கோடுகள் சாம்பலாகி ஓரமெல்லாம் புள்ளிப் புள்ளியாக வந்தது ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

தீர்த்துவைத்தது, அச்சகத்தில் வேலை பார்த்த அண்ணன் சொன்ன வழி. நான் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) கிரேஸ்கேலில், அதாவது சாம்பல் நிறங்களோடு ஸ்கேன் செய்து ஜேபெக் படக் கோப்பாகக் கொடுத்திருந்தேன். சாம்பல் நிறம் அச்சில் புள்ளிகளாகத்தான் உடையும். இப்போது 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, திரெஷோல்டு போட்டு (ஓர் அளவுக்கு மேல் இருண்டதெல்லாம் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை), சாம்பலே இல்லாத சுத்தக் கறுப்பு வெள்ளையாக 1 பிட் டிஃப் (TIFF) படக் கோப்பில் கொடுத்தேன். நாற்றங்கால் வரும் பக்கத்தில் ஒவ்வொரு நாற்றும் தனித்தனியாகத் தெரிகிறது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. திரெஷோல்டு அளவு பக்கத்துக்குப் பக்கம் மாறும். மெல்லிய நிப் கோடுகள் மறையாத இடத்தில் நிறுத்துங்கள்.

பேப்பரையும் மாற்றிப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை.

எதிர்பாராதது: நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். சரி என்று, அரசலாற்றங்கரையைக் கூடுதலாக இரண்டு பக்கத்துக்கு விரித்து வரைந்து 32 ஆக்கினேன். அப்புறம், மடிக்கும்போது நடுப்பக்கங்கள் வெளியே தள்ளும். தள்ளிய ஓரத்தைச் சமமாக வெட்டியதில் ஒரு பேச்சுக் குமிழின் ஓரம் போய்விட்டது. அந்தப் பக்கங்களில் எழுத்தை நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள்.