மேப் திறந்தால் வெறும் நீலம்தான் வருகிறது, அவசரம்

ஊற்றுக்கண் | மார்ச் 18, இரவு 9.42
வணக்கம். மேப் திறந்தால் முழுக்க நீலமாக வருகிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் பழைய முறையில் செய்தபோது வந்தது. புதியதற்கு மாற்றியதில் இருந்து இப்படி. எங்கள் ஊர் ஊற்றுகள், மொத்தம் 43 புள்ளிகள்தான். 22-ஆம் தேதி கிராம சபையில் காட்ட வேண்டும். என்ன பிரச்சினை என்று யாராவது சொல்லுங்கள்.

குன்னூர்_நெட் | இரவு 9.55
பில்லிங் கணக்கு இணைத்தீர்களா? 2018-இல் இருந்தே கூகுள் மேப்பை நம் வலைப்பக்கத்தில் போட கீயும் (அனுமதிக் குறியீடு) வேண்டும், கார்டும் வேண்டும். இல்லையென்றால் மேப் மங்கலாகி மேலே எழுத்து ஓடும். முதலில் அதைப் பாருங்கள்.

தேயிலைத்தூள் | இரவு 10.03
கூகுள் என்று அவர் சொல்லவே இல்லையே. ஊற்றுக்கண், இதையெல்லாம் சொல்லுங்கள்: எந்த லைப்ரரி, அதாவது மேப் காட்டும் ரெடிமேட் நிரல் எது? லீஃப்லெட்டா, மேப்லிப்ரேயா, வேறு ஏதாவதா? டைல், அதாவது மேப்பின் துண்டுகள், எங்கிருந்து வருகிறது? எஃப்12 அழுத்தினால் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பு எழுத்து இருக்கிறதா? ‘பழையது’, ‘புதியது’ என்றால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

வேலிமுள் | இரவு 10.10
உயரம் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். மேப் உட்காரும் பெட்டிக்கு, அதாவது டிவ்வுக்கு, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் உயரம் இல்லையென்றால் அது பூஜ்யமாகிவிடும். ஆரம்பத்தில் நான் இரண்டு நாள் இதில் மாட்டியிருக்கிறேன். 500 பிக்சல் கொடுத்துப் பாருங்கள்.

தேயிலைத்தூள் | இரவு 10.14
உயரம் பூஜ்யம் என்றால் நீலம்கூடத் தெரியாதே, வேலிமுள்.

அடிப்படை_முதலில் | இரவு 10.31
கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது தம்பி. நிரல் இல்லை, லைப்ரரி பெயர் இல்லை, பிழைச் செய்தி இல்லை. லைப்ரரி ஆவணத்தின் முதல் பக்கத்தைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. 43 புள்ளிக்கு லீஃப்லெட் போதும். புதிதாக எது வந்தாலும் அதற்கு ஓடுவது, அப்புறம் இங்கே வந்து அவசரம் என்பது. இந்தப் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

ஊற்றுக்கண் | மார்ச் 19, காலை 7.20
மன்னிக்க வேண்டும், ராத்திரி மழையில் கரண்ட் போய்விட்டது. தம்பி இல்லைங்க, நான் பெண். பள்ளி ஆசிரியை. போன வாரம் லீஃப்லெட். இப்போது மேப்லிப்ரே, டைலும் ஸ்டைலும் ஓப்பன்ஃப்ரீமேப்பில் இருந்து. கீ, பதிவு எதுவும் கேட்கவில்லை என்பதால்தான் மாறினேன், பஞ்சாயத்தில் யார் கார்டைக் கொடுப்பது? குரோம். கன்சோலில் சிவப்பு ஒன்றுமே இல்லை. நெட்வொர்க் பக்கத்தில் எல்லாம் 200 என்று வருகிறது.

குன்னூர்_நெட் | காலை 7.48
அப்படியானால் உங்கள் நெட் மெதுவாக இருக்கும். கோத்தகிரியில் மழை பெய்தால் டவர் படுத்துவிடும்.

தேயிலைத்தூள் | காலை 8.05
200 வந்தால் டைல் முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். நெட் காரணம் இல்லை. டீச்சர், நெட்வொர்க் பக்கத்தில் டைல் வரும் வரிகளில் ஏதாவது ஒன்றை அப்படியே எழுதுங்கள், கடைசி மூன்று எண்கள் போதும். மையத்துக்கு என்ன எண் கொடுத்தீர்கள் என்பதும் வேண்டும்.

ஊற்றுக்கண் | காலை 8.12
14, 8704, 2624. மையம் [11.25312, 76.51640]. முதல் மணி அடிக்கப் போகிறது, மதியம் பார்க்கிறேன்.

தேயிலைத்தூள் | காலை 8.40
கிடைத்துவிட்டது.

அந்த மூன்று எண்ணில் முதலாவது ஜூம். ஜூம் 14-இல் உலகம் குறுக்கே 16384 துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும், அதாவது 2-இன் 14-ஆவது அடுக்கு. இரண்டாவது எண், மேற்கில் இருந்து எத்தனையாவது துண்டு என்பது. 8704-ஐ 16384-ஆல் வகுத்தால் 0.53125. அதை 360-ஆல் பெருக்கி 180-ஐக் கழித்தால் 11.25. உங்கள் மேப் கிழக்கு 11.25 டிகிரியில் நிற்கிறது. நீலகிரி இருப்பது 76-இலும் 77-க்குப் பக்கத்திலும். அட்சரேகை தீர்க்கரேகை இடத்திலும், தீர்க்கரேகை அட்சரேகை இடத்திலும் போய்விட்டன. வடக்கு 76.5, கிழக்கு 11.25 என்றால் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே நடுக்கடல். மேப் சரியாகத்தான் வேலை செய்கிறது, நீங்கள் பார்க்கும் நீலம் உண்மையான கடல்.

லீஃப்லெட்டில் மையம் வைக்கும் செட்வியூ, புள்ளி வைக்கும் மார்க்கர் இரண்டுக்கும் அட்சரேகை முதலில். மேப்லிப்ரேயில் எல்லா இடத்திலும் தீர்க்கரேகை முதலில். மாறும்போது எண்களை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். பிழைச் செய்தி வராததற்கும் காரணம் உண்டு. அட்சரேகை 90-ஐத் தாண்டினால்தான் மேப்லிப்ரே கத்தும். நம் தமிழ்நாடு முழுக்க 76-க்கும் 81-க்கும் நடுவில் இருப்பதால் திருப்பிப் போட்டாலும் அதற்குச் செல்லுபடியாகும் எண்தான். ஜப்பான்காரர் ஒருவர் 139 என்று போட்டிருந்தால் உடனே சிவப்பில் காட்டியிருக்கும்.

அடிப்படை_முதலில் | காலை 9.02
ஆவணத்தில் இதுதான் முதல் வரி. நான் சொன்னது இதைத்தான்.

வேலிமுள் | காலை 9.15
தப்பு டீச்சருடையது இல்லை. பள்ளியில் அட்சரேகைதான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம், கப்பல்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆளுக்கொரு வரிசை வைத்தது லைப்ரரிக்காரர்கள்.

அடிப்படை_முதலில் | காலை 9.21
ஆளுக்கொன்று இல்லை. இடத் தரவை எழுதும் கோப்பு வடிவமான ஜியோஜேசனுக்கு 2016-இல் ஆர்எஃப்சி 7946 என்று தரம் வந்தது, தீர்க்கரேகை முதலில் என்று அதில் தெளிவாக இருக்கிறது. கிராஃபில் எக்ஸ் முதலில், ஒய் அடுத்து, அதே வரிசை. மேப்லிப்ரே தரத்தைப் பின்பற்றுகிறது. லீஃப்லெட்கூட ஜியோஜேசன் கோப்பைப் படிக்கும்போது அப்படித்தான் படிக்கும்.

வேலிமுள் | காலை 9.30
ஒரே லைப்ரரிக்குள்ளேயே இரண்டு வரிசை இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். புதிதாக வருபவர் குழம்பாமல் என்ன செய்வார்?

ஊற்றுக்கண் | மதியம் 1.10
தேயிலைத்தூள், ரொம்ப நன்றி! மையத்தையும் 43 புள்ளிகளையும் திருப்பிப் போட்டேன், மலை வந்துவிட்டது. ஆனால் புள்ளிகள் எல்லாம் அப்பர் பவானி பக்கத்துக் காட்டில் விழுந்திருக்கின்றன. நாங்கள் இருப்பது கோத்தகிரி. போன வாரம் லீஃப்லெட்டில் வந்ததும் இதே காடுதான் என்று இப்போதுதான் தெரிகிறது. பச்சையாக இருந்ததால் எங்கள் ஊர்ச் சோலை என்று நினைத்துவிட்டேன்.

குன்னூர்_நெட் | மதியம் 1.22
போன் ஜிபிஎஸ் மலையில் தப்பாகக் காட்டும். மரத்தடியில் நின்றால் இன்னும் மோசம்.

அடிப்படை_முதலில் | மதியம் 1.40
டேட்டம், அதாவது இடத்தை அளக்க அடிப்படையாக எடுக்கும் பூமி மாதிரி, வேறாக இருக்கும். பழைய சர்வே வரைபடங்கள் எவரெஸ்ட் டேட்டத்தில், வலை மேப்புகள் டபிள்யூஜிஎஸ் 84-இல். மாற்றாமல் போட்டால் நகரும்.

பெருமாள்மலை | மதியம் 2.05
கொடைக்கானல் பக்கம் இருந்து எழுதுகிறேன். டேட்டம் மாறினால் சில நூறு மீட்டர் நகரும், மரத்தடி ஜிபிஎஸ் சில பத்து மீட்டர் தவறும். இங்கே சுமார் 42 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது. ஊற்றுக்கண் அக்கா, இந்த எண்களை எதில் இருந்து எடுத்தீர்கள்? அப்புறம், உங்களுக்குக் காலால் நடந்து தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மேப்பில் எவ்வளவு தூரம் வருகிறது என்று அளந்து சொல்லுங்கள்.

ஊற்றுக்கண் | மாலை 5.35
அப்பாவின் நோட்டில் இருந்து எடுத்தேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பக்கம் நாலு ஹட்டிகளை, அதாவது ஊர்களை, சுற்றியுள்ள ஊற்றுகளுக்கெல்லாம் அவர் பழைய ஜிபிஎஸ் கைக்கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தே போய் எழுதி வைத்தது. பென்சில் எழுத்து. எது கோடையில் வற்றும், எதில் காட்டெருமை இறங்கும், எதற்கு மேலே தேயிலைக்கு மருந்து அடிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறிப்பு இருக்கிறது. அவர் இப்போது இல்லை.

எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள ஊற்றில் இருந்து கோயில் ஊற்றுக்கு 600 மீட்டர், பள்ளிப் பிள்ளைகளோடு டேப் பிடித்தே அளந்திருக்கிறோம். மேப்பில் 360 மீட்டர்தான் காட்டுகிறது. ஏன்?

பெருமாள்மலை | மாலை 5.50
நோட்டில் முதல் வரி எப்படி எழுதியிருக்கிறது? இடைவெளி, புள்ளி எதையும் மாற்றாமல் போடுங்கள்.

ஊற்றுக்கண் | மாலை 5.58
11 25.312 அடுத்து 76 51.640. நடுவில் இருந்த இடைவெளியில் புள்ளி வைத்து, பின்னால் இருந்த புள்ளியை எடுத்துவிட்டேன்.

பெருமாள்மலை | மாலை 6.20
அந்த இடைவெளியில்தான் எல்லாமே இருக்கிறது அக்கா. அப்பா எழுதியது 11 டிகிரி, 25.312 நிமிடம். பழைய கைக்கருவிகள் பலவும் இப்படித்தான் காட்டும், டிகிரியும் தசம நிமிடமும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். நீங்கள் புள்ளி வைத்ததும் கணினி அதை நூறில் பங்காக எடுத்துக்கொண்டது. 600 மீட்டர் 360 ஆனதும் இதனால்தான், 60-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 100. உங்கள் ஊர் மொத்தமும் அதே விகிதத்தில் சுருங்கி, தென்மேற்கே தள்ளிப் போயிருக்கிறது.

25.312-ஐ 60-ஆல் வகுத்தால் 0.42187. ஆக 11.42187. 51.640-ஐ வகுத்தால் 0.86067. ஆக 76.86067. இது கோத்தகிரிதான்.

டைப் செய்த எண்ணைத் திருத்தாமல் நோட்டில் இருந்தே மறுபடி எடுங்கள். எக்செல்லில் டிகிரிக்கு ஒரு பத்தி, நிமிடத்துக்கு ஒரு பத்தி, மூன்றாவதில் கணக்கு. தசமத்துக்கு அப்புறம் ஐந்து இலக்கம் போதும், ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அப்பாவின் நோட்டில் ஒரு தப்பும் இல்லை. அதைப் படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

தேயிலைத்தூள் | மாலை 6.41
எனக்கு இது தோன்றவே இல்லை. தூரத்தை அளக்கச் சொன்னதுதான் வழி காட்டியது.

டீச்சர், சரியானதும் இந்த 43-ஐயும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே ஏற்றிவிடுங்கள். 2004-இல் இருந்து இப்படி ஊர் ஊராக ஆட்கள் சேர்த்துத்தான் அது வளர்ந்தது. நீங்கள் இப்போது இலவசமாக எடுத்த டைலும் அந்தத் தரவில் செய்ததுதான். கீழ் மூலையில் அவர்கள் பெயர் வரும், அதை மறைக்காதீர்கள். ஊற்றுக்குத் தனிக் குறி இருக்கிறது, தமிழ்ப் பெயரும் போடலாம்.

பெருமாள்மலை | மாலை 7.05
வேண்டாம் அக்கா. இதில் தேயிலைத்தூளோடு எனக்கு உடன்பாடில்லை. மே மாதம் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ரிசார்ட்டுகளுக்குத் தண்ணீர் லாரி ராத்திரி பூராவும் ஓடும். 2024 மே மாதத்தில் இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஈ-பாஸ் இருக்கிறது, லாரிக்கு அதனால் என்ன? வற்றாத ஊற்று எங்கே இருக்கிறது என்று ஒரு மீட்டர் துல்லியத்தில் உலகத்துக்கே சொன்னால் முதலில் அதைப் பார்ப்பவர் தாகமெடுத்த வழிப்போக்கராக இருக்க மாட்டார்.

தேயிலைத்தூள் | மாலை 7.18
மறைத்து வைத்த ஊற்றுதான் காணாமல் போகிறது. மேலே ஒருவர் ஜேசிபி வைத்து நிலத்தை வெட்டும்போது, இங்கே ஊற்றே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஊர்க்காரர் எதை வைத்துப் பேசுவார்? மேப்பில் பெயரோடு இருந்தால் அது ஒரு சான்று.

பெருமாள்மலை | மாலை 7.26
சான்று ஊராட்சித் தீர்மானத்தில் இருக்கட்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றியதை அப்புறம் அழித்தாலும் பழைய பதிப்பு வரலாற்றில் நிற்கும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். திரும்பப் பெற வழியில்லாத ஒன்றை ஊரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

அடிப்படை_முதலில் | மாலை 7.40
இழை தலைப்பை விட்டுப் போய்விட்டது. கேள்வி மேப் நீலமாக வந்ததைப் பற்றி.

வேலிமுள் | மாலை 7.44
எனக்கு இதுதான் முக்கியமான பேச்சாகப் படுகிறது. என் அம்மா ஊரில் குடம் வைத்து எடுத்த ஊற்றில் இப்போது மோட்டார் நிற்கிறது.

குன்னூர்_நெட் | மார்ச் 20, காலை 9.10
என்ன ஆயிற்று? சரியாகிவிட்டதா?

தேயிலைத்தூள் | மார்ச் 21, இரவு 8.30
டீச்சர்?

ஊற்றுக்கண் | மார்ச் 21, இரவு 10.50
தாமதத்துக்கு மன்னிக்கவும். சரியாகிவிட்டது. வீட்டு ஊற்றில் இருந்து கோயில் ஊற்று இப்போது 600 மீட்டர். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போனைக் காட்டினேன், ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் சொன்னார்கள். நோட்டில் இல்லாத இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள்.

எங்கேயும் ஏற்றவில்லை. நாளை சபையில் புரொஜெக்டரில் காட்டிவிட்டு, வெளியே போடலாமா என்று ஊரையே கேட்கப் போகிறேன்.

17-ஆவது புள்ளி மட்டும் தேயிலைத் தொழிற்சாலைக் கூரையில் விழுகிறது. நோட்டில் 51.0-வா 51.6-வா என்று தெரியவில்லை, பென்சில் அழிந்திருக்கிறது. திங்கட்கிழமை நேரில் போய்ப் பார்க்கிறேன்.