பெரியவர்களுக்கும் குடல் குடலுக்குள் செருகுமா? உங்கள் அனுபவம்

சாப்பிட்டு முடித்ததும் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும், வாந்தி எடுத்தால் அடங்கிவிடும். மாதக்கணக்கில் இப்படியே வந்து வந்து போனது. கேஸ், அல்சர் என்று மாத்திரைதான் மாறிக்கொண்டே இருந்தது. வலி இல்லாத நாளில் எடுத்த அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை. வலியோடு போய் எடுத்த சிடி ஸ்கேனில் பிடிபட்டது: சட்டையைக் கழற்றும்போது அதன் கை உள்ளே மடங்கிக்கொள்ளுமே, அப்படிச் சிறுகுடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் போயிருந்தது. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி ஆபரேஷன்) அங்கிருந்த கட்டியோடு குடலின் சிறு துண்டை வெட்டி, முனைகளை இணைத்தார்கள். பயாப்ஸியில் லிப்போமா, வெறும் கொழுப்புக் கட்டி.

*

அப்பாவுக்குப் பெருங்குடலில். குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்தியே சரிசெய்துவிடுகிறார்கள், இவருக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்? டாக்டர் சொன்னது அந்தப் பதற்றத்தில் எனக்குப் புரியவில்லை. செருகியதை இழுத்துவிடக்கூட இல்லை, அப்படியே மொத்தமாக எடுத்துவிட்டார்கள்.

*

நான் சர்ஜன். நல்ல கேள்வி. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குறிப்பான காரணம் இருக்காது, தள்ளிவிட்டால் போதும். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே ஏதோ ஒன்று குடலை இழுத்துக்கொண்டு போகிறது: பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதை), கட்டி, மெக்கல் பை (பிறவியிலேயே சிறுகுடலில் இருக்கும் சிறு பை), பழைய ஆபரேஷனால் வந்த தழும்பு ஒட்டுதல். பெருங்குடல் என்றால் அது புற்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இழுத்தால் புற்றணுக்கள் சிதறலாம், நைந்த குடல் கிழியலாம். அதனால்தான் கை வைக்காமல் நிணநீர்க் கணுக்களோடு சேர்த்து எடுக்கிறோம். சிறுகுடலில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, புற்றுச் சந்தேகமும் இல்லையென்றால் முதலில் விடுவிப்போம். வெட்டும் நீளம் குறையுமே!

புத்தகத்தில் வரும் ரத்தம் கலந்த சளி மலம், கையில் தட்டுப்படும் கட்டி எல்லாம் பெரியவர்களிடம் அபூர்வம். வட்டத்துக்குள் வட்டம், நடுவே கொழுப்பும் ரத்தக் குழாய்களும் என சிடிதான் காட்டிக்கொடுக்கும்.

*

எனக்குக் கிட்னி கல்லுக்காக எடுத்த சிடியில் தற்செயலாகக் குடல் செருகல் என்று வந்திருந்தது. பயந்துபோய் ஓடினேன். சிறுகுடல்தான், நீளம் 3 செ.மீ.கூட இல்லை, அடைப்பில்லை, கட்டியில்லை, அதனால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த ஸ்கேனில் தானாகவே விலகியிருந்தது. கத்தியே படவில்லை!

*

மறுபடி சர்ஜன்தான். ஆமாம், அந்த மாதிரிக்கு ஆபரேஷன் வேண்டாம். ஆனால் எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் கணக்கே வேறு. கட்டி இல்லாமலேயே குடல் இணைப்பிடத்தில் செருகலாம். விட்டுவிட்டு வலித்தால், ஸ்கேன் நார்மல் என்றாலும் உங்கள் சர்ஜனிடம் காட்டுங்கள்.