மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர்கள் உணவை எப்போது எடை போட வேண்டும்?

நெல்லை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். சர்க்கரை நோயின் தொடக்க நிலையில் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்ததால், மருத்துவரின் ஆலோசனைப்படி நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து சேராதவாறு உணவை மாற்றிக்கொண்டு வருகிறேன். வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே சமையல்தான். எனக்கென்று தனியாக உலை வைக்க நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

அரிசிக்கு ஒரு பட்டியலில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றும், இன்னொன்றில் 28 கிராம் என்றும் போட்டிருக்கிறார்கள். எதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது? அதைவிடப் பெரிய சிக்கல் குழம்பும் கூட்டும். வெங்காயம், தக்காளி, தேங்காய், புளி எல்லாம் ஒன்றாகக் கொதித்த பிறகு, என் தட்டில் விழும் இரண்டு கரண்டியில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதை எப்படி அறிவது? "ஒரு கப்" என்று சொல்லும் குறிப்புகளும் எனக்கு உதவவில்லை, ஏனெனில் எங்கள் வீட்டுக் கிண்ணங்கள் ஒவ்வொன்றும் ஓர் அளவில் இருக்கின்றன.

கரண்டிக் கணக்கு:

வணக்கம் சகோதரி. நீங்கள் பார்த்த இரண்டு எண்களுமே சரியானவைதான். 78 என்பது பச்சையாக உள்ள அரிசிக்கு, 28 என்பது வெந்த சோற்றுக்கு. 100 கிராம் அரிசி ஏறத்தாழ 280 கிராம் சோறாகிறது. கூடியது தண்ணீர் மட்டுமே. ஆனால் எல்லா வீட்டுச் சோறும் ஒரே அளவு தண்ணீரை உறிஞ்சுவதில்லை. குழைய வடித்த சோற்றில் தண்ணீர் கூடுதலாகவும், உதிரியாக வெந்த சோற்றில் குறைவாகவும் இருக்கும். எனவே வெந்த சோற்றுக்கான பொது எண்ணைவிட, உலையில் போடும் முன் அரிசியை எடை போட்டு, வெந்த பிறகு மொத்தச் சோற்றையும் எடை போட்டு, அரிசியின் மொத்த மாவுச்சத்தை அந்தச் சோற்றின் எடையால் வகுத்துப் பார்ப்பதே நம்பகமானது. ஒரே அரிசியை ஒரே பக்குவத்தில் சமைப்பவராக இருந்தால், ஓரிரு முறை பார்த்தாலே உங்கள் வீட்டுக்கான எண் கிடைத்துவிடும்.

குழம்புக்கும் இதே வழிதான். முதல் வேலையாக, வழக்கமாகப் பயன்படுத்தும் பாத்திரங்களை வெறுமையாக எடை போட்டு, அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். ஒரு மீன் குழம்பை எடுத்துக்கொள்வோம். செரித்துச் சர்க்கரையாக மாறாத நார்ச்சத்தைக் கழித்த பிறகு, 100 கிராம் சின்ன வெங்காயத்தில் சுமார் 14 கிராம் மாவுச்சத்து, 200 கிராம் தக்காளியில் 5 அல்லது 6, 100 கிராம் தேங்காயில் 6, 20 கிராம் புளியில் 11 என்று வைத்தால், மொத்தம் 37 கிராம். (புளியின் சக்கையைப் பிழிந்து எறிவதால் உண்மையில் சற்றுக் குறையும், இருந்தாலும் பலரும் கணக்கிலேயே சேர்க்காத புளி இவ்வளவு கொண்டுவருகிறது என்பதைக் கவனியுங்கள்.) மீனில் மாவுச்சத்து இல்லை என்பதால், துண்டுகளைத் தனியே எடுத்துவிட்டுப் பாத்திரத்தோடு குழம்பை எடை போட்டு, பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். மீதம் 900 கிராம் என்றால், 100 கிராம் குழம்புக்கு 4 கிராம் மாவுச்சத்து. தட்டில் 150 கிராம் ஊற்றிக்கொண்டால் 6 கிராம்.

எண்ணெயைக் கரண்டியால் அளக்க வேண்டாம். தாளிக்கும் முன்பும் பின்பும் எண்ணெய்ப் புட்டியை எடை போட்டால், வித்தியாசம்தான் ஊற்றிய அளவு. எண்ணெயில் மாவுச்சத்து இல்லை. ஆனால் கிராமுக்கு 9 கலோரி இருப்பதால், எடையும் குறைய வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

உணவியல் மாணவி:

மேலே சொன்ன முறையை அப்படியே ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நார்ச்சத்தைக் கழிக்கும் முன், உங்கள் கையில் இருப்பது எந்தப் பட்டியல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பட்டியல்களிலும் பொட்டலங்களிலும் மொத்த மாவுச்சத்துக்குள்ளேயே நார்ச்சத்தும் அடங்கியிருக்கும். அங்கே கழிப்பது சரி. ஐரோப்பிய பொட்டலங்களிலும், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலிலும் நார்ச்சத்து ஏற்கெனவே தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அங்கே மீண்டும் கழித்தால், உண்டதைவிடக் குறைவாக உண்டதாகக் கணக்கு காட்டும். பருப்பு, கொட்டைகள், தேங்காய் போன்ற நார் மிகுந்த பொருள்களில் இந்தப் பிழை பெரிதாகும்.

நெல்லை வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. பாத்திர எடையை எழுதிவைக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. கீரையையும் காய்களையும்கூட இப்படி எடை போட வேண்டுமா? பேலியோவில் (தானியங்களைத் தவிர்க்கும் உணவுமுறை) இருக்கும் என் தோழி காலையில் 100 பாதாம் உண்கிறாள். அதை எண்ணினால் போதுமா?

வைகைக்கரை:

கீரை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வெண்டைக்காய் போன்றவற்றைத் தோராயமாக அளந்தால் போதும். 100 கிராம் காலிஃபிளவரில் நார் போக 3 கிராம் மாவுச்சத்துதான் இருக்கிறது. 20 கிராம் கூடினாலும் ஒரு கிராம்கூட மாறாது. துல்லியம் தேவைப்படும் இடங்கள் அரிசி, பருப்பு, சிறுதானியம், கிழங்கு, புளி, வெல்லம், பால். சிறுதானியம் என்பதால் அளக்காமல் உண்ணலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். சாமையிலும் தினையிலும்கூட பச்சையாக எடை போட்டால் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. பாலில் 200 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் இருப்பதால், மூன்று வேளை காபி குடிப்பவர் அதையும் எழுதியாக வேண்டும்.

பாதாமை எண்ணுவதைவிட எடை போடுவது மேல், ஏனெனில் பருப்பின் அளவு ரகத்துக்கு ரகம் மாறும். ஊறவைப்பதாக இருந்தால், ஊறும் முன்பே எடை பார்த்துவிடுங்கள். ஒன்று சுமார் 1.2 கிராம் என்று கொண்டால் 100 பாதாம் 120 கிராம். நார் போக 11 கிராம் மாவுச்சத்து, ஆனால் கிட்டத்தட்ட 700 கலோரி. அது முழுமையான ஒரு வேளை உணவு, இட்லிக்கு மேல் கொறிக்கும் நொறுக்குத்தீனி அன்று.

உணவியல் மாணவி:

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதைப் படிப்பவர்களில் யாராவது இன்சுலின் போட்டுக்கொண்டோ இன்சுலின் சுரப்பைக் கூட்டும் கிளிமிபிரைட் வகை மாத்திரை எடுத்துக்கொண்டோ இருந்தால், மாவுச்சத்தைத் திடீரென்று குறைக்கும்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை அளவு இயல்பாக இருக்கும்போதே கீட்டோ அமிலத்தேக்கம் (இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் ஆபத்தான அளவுக்குச் சேர்வது) ஏற்படும் வாய்ப்பும் உண்டு. எனவே எடை போட்டு எழுதும் குறிப்பேட்டை முதலில் மருத்துவரிடம் காட்டி, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்ட பிறகே தட்டில் சோற்றைக் குறையுங்கள்.