48 வயதில் மறுபடியும் காலிப்பர் போட வேண்டுமா?

இடதுகால்:
ஒன்றரை வயதில் எனக்கு இடது காலில் போலியோ. பத்தாவது முடித்ததும், காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிப்பரைக் கழற்றிப் பரணில் போட்டேன். 32 வருடங்களாக இடது கையைத் தொடையில் ஊன்றித்தான் நடக்கிறேன். என் சேலைகளைப் பார்த்தாலே தெரியும்; கை ஊன்றுகிற அந்த ஓர் இடம் மட்டும் வெளுத்து நைந்திருக்கும். "உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவே இல்லையே" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவாது. ஊனச் சான்றிதழ் பெட்டிக்கு அடியில் தூங்குகிறது.

இப்போது நல்ல காலும் வலிக்கிறது. போன மாதம் ரேஷன் கடை வாசலில் விழுந்தேன். காலிப்பர் போடுங்கள், தூரம் போகச் சக்கர நாற்காலி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் மருத்துவர். உடற்பயிற்சியைக் கூட்டினால் சரியாகாதா? ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் முன் நாற்காலியில் போய் நிற்பதா?

பழையபோலியோ61:
கூட்டவே கூட்டாதீர்கள், அம்மா. நான் கூட்டிக் கெடுத்துக்கொண்டவன். அன்று போலியோ அழித்த நரம்பணுக்களின் வேலையை மிச்சமிருந்தவை புதுக் கிளை விட்டு ஏற்றுக்கொண்டன. இத்தனை வருடம் இரட்டைச் சுமை சுமந்து அவை ஓய்ந்துபோகின்றன. களைப்பு வருமுன்பே உட்கார்ந்துவிட வேண்டும். பயிற்சியெல்லாம் மருத்துவர் சொன்ன அளவோடு சரி. நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் காட்டு வகைப் போலியோ கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில். இன்றைய இளம் மருத்துவர்கள் பலர் நம் காலைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள். உங்கள் மருத்துவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார், அவரை விடாதீர்கள். காலிப்பரும் அந்தக் கால இரும்பும் பூட்ஸும் இல்லை. பிளாஸ்டிக்கில் வருகிறது, செருப்புக்குள் அடங்கும். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு நிலையத்தில் விசாரியுங்கள்.

வெற்றிநிச்சயம்:
2016 ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கவில்லையா? மனம் இருந்தால் காலிப்பர் எதற்கு, சகோதரி!

சக்கரம்:
அவர் ரேஷன் கடை வாசலைத் தாண்டத்தான் வழி கேட்கிறார், ஐயா.
அக்கா, எனக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு ஒன்பது வருடம். மண்டபத்துக்கு எத்தனை படி என்று இப்போதே கேளுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், சக்கரத்தில் சிக்கும். என் தங்கை கல்யாணத்தில் என் வேட்டியே சிக்கிக்கொண்டது. மாப்பிள்ளை குனிந்து எடுத்துவிட்டார்.

இடதுகால் (மூன்று வாரம் கழித்து):
அளவு கொடுத்துவிட்டு வந்தேன். பழைய காலிப்பரை மகள் பரணிலிருந்து இறக்கினாள். தோல் பட்டை விறைத்துப்போயிருந்தது, கொக்கி திறக்கவில்லை. "இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டா பள்ளிக்கூடம் போனாய்?" என்றாள். அவளிடம் அதை நான் காட்டியதே இல்லை.

சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டுப் படிக்கணக்கைக் கேட்டேன். "நான்கு. பலகை போடச் சொல்லிவிட்டேன். உங்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினேன்" என்றார்.

முந்தானையைப் பற்றி எழுதினீர்களே தம்பி, நல்லதாயிற்று. பட்டு பதினெட்டாயிரம்.