லண்டன் வீட்டில் தேங்காய் உடைக்க

வாங்கும் தேங்காயெல்லாம் அழுகலாக இருக்கிறது, நல்ல காய் கிடைத்தாலும் எப்படி உடைப்பது என்றே தெரியவில்லை என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். புதிதாக வந்த எல்லோருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊரில் காயைக் குடுமியோடு விற்பார்கள். அந்த நார்தான் மூன்று கண்ணையும் மூடிக் காப்பது. இங்கே சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் காய்கள் பலவும் ஐவரி கோஸ்டிலிருந்தோ டொமினிகன் குடியரசிலிருந்தோ வருபவை. குடுமியை எடுத்துவிட்டு, கண் வெளியே தெரியக் கப்பலில் வந்து சேரும். பூஞ்சை உள்ளே இறங்குவது அந்தக் கண் வழியாகத்தான். கண்ணைச் சுற்றி ஈரமோ வெள்ளைப் படலமோ இருந்தால் தொடவே வேண்டாம். காதருகே ஆட்டிப் பாருங்கள், தண்ணீர் நன்றாகத் தளும்ப வேண்டும். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கத்துத் தமிழ்க் கடைகளில் காய் சீக்கிரம் விற்றுப்போகும் என்பதால் நான் அங்கேதான் வாங்கச் சொல்வேன்.

வாடகை வீட்டுக் கிச்சன் மேடையில் மட்டும் மோதாதீர்கள். முக்கால்வாசி வீட்டில் அது பலகைமேல் லேமினேட் ஒட்டியதுதான். பெயர்ந்துபோனால் டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும், முளை வருகிற கண் அது. சுத்தமான ஸ்க்ரூடிரைவரை அதில் வைத்து அழுத்தினாலே இறங்கிவிடும். டம்ளரில் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, வாயில் வைக்குமுன் முகர்ந்து பாருங்கள். புளிப்பு வாடையோ சிக்கு வாடையோ அடித்தால் பருப்பு பார்க்க வெள்ளையாக இருந்தாலும் முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். காசு போகிறதே என்று பார்க்காதீர்கள். டென்மார்க்கில் 69 வயதுக்காரர் ஒருவர், மட்டை சீவிய காயை ஃப்ரிட்ஜில் வைக்காமல் ஒரு மாதம் சமையலறை மேசையிலேயே வைத்திருந்து, ஸ்ட்ரா போட்டுக் கொஞ்சம் குடித்திருக்கிறார். ருசி சரியில்லை என்று உடனே நிறுத்தியும் பூஞ்சை நஞ்சு மூளையைத் தாக்கி இறந்துபோனார். மருத்துவ இதழில் வந்த விவரம் இது. வெள்ளையாகச் சீவி, பிளாஸ்டிக் சுற்றி விற்கிறார்களே இளநீர், அதை வாங்கினால் நேராக ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள்.

சரி, உடைப்போம். காயை நனைத்து, தரையில் மடித்துப் போட்ட தடித்த துண்டின்மேல் படுக்க வையுங்கள். சுத்தியலாலோ கனமான கத்தியின் முதுகாலோ நடுவயிற்றில் தட்டி, சற்று உருட்டி, மறுபடி தட்டி, சுற்றிவர வாருங்கள். ஓங்கி அடிக்கத் தேவையில்லை. கணீரென்ற சத்தம் சட்டென்று மங்கினால் ஓடு விட்டுவிட்டது என்று அர்த்தம். அதே கோட்டில் இன்னும் ஓரிரு தட்டில் இரண்டு மூடியாகப் பிரியும். பூஜைக்கு என்றால் கண்ணைக் குத்தாமல், அடியில் பாத்திரம் வைத்து இதே மாதிரி தட்டுங்கள்.

துருவி இல்லாதவர்கள் மூடிகளை ஓவனில் 180 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் பருப்பு ஓட்டை விட்டுக் கழன்று வரும். தண்ணீர் வடிக்காத முழுக்காயை ஓவனில் வைக்கவே கூடாது, வெடிக்கும். பால் பிழிய வேண்டுமென்றால் சூட்டைவிட ஃப்ரீசர் நல்லது. ஓர் இரவு உள்ளே வைத்து எடுத்து, கொஞ்சம் இளகியதும் கத்தியை நுழைத்து நெம்புங்கள். சட்னி வெள்ளையாக வேண்டுமானால் கறுப்புத் தோலை உருளைக்கிழங்கு சீவும் பீலரால் சீவிவிடலாம். ஊர் மிக்ஸி இங்கே தாராளமாக ஓடும், மின்சாரம் அதே 230 வோல்ட்தான், பிளக்கை மாற்றினால் போதும்.

ஒரு மூடிதான் தேவை என்றால் கண் இருக்கிற மூடியை முதலில் தீர்த்துவிடுங்கள், அதுதான் முதலில் கெடும். மீதியைத் துருவி, ஜிப் பையில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள், வேண்டிய அளவு ஒடித்து எடுக்கலாம். அதை அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். சில்லென்று அரைத்தால் கொழுப்பு திரண்டு சட்னி திப்பிதிப்பியாக நிற்கும்.