சொஸ்மா நீட்டிப்பு மறுபடியும் வருதாம், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஃபோன் கடைக்காரன்

2027 ஜூலைக்குள் சொஸ்மா, அதான் மலேசியாவின் பாதுகாப்புக் குற்றச் சட்டம், மறுபடியும் மக்களவைக்கு வந்தாக வேண்டும் என்று நேற்று டீக்கடையில் பேச்சு. அதிலிருந்து ஒரு முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு தோட்டத்து ஊரில் கடை வைத்திருக்கிறேன். 2019 அக்டோபர் ஞாபகம் இருக்கும். விடுதலைப் புலிகள் விவகாரம் என்று 12 பேரை சொஸ்மாவில் பிடித்தார்களே, இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களையும் சேர்த்து. அந்த வாரம் ஸ்கிரீன் மாற்ற வந்தவர்களைவிட, ஃபோனில் புலிகள் மாதிரித் தெரிகிற படத்தை அழிக்க வந்தவர்கள்தான் அதிகம். செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவர், ஃபோனை மேசையில் வைத்து, "தம்பி, சீருடை போட்ட படம் ஒண்ணு இருக்கு, அத எடுத்துடு" என்றார். பார்த்தால் அவருடைய சொந்தத் தம்பி. நம் நாட்டு ராணுவத்தில் இருந்து இறந்துபோனவர். "இதுக்கு ஒண்ணும் ஆகாதுங்கய்யா" என்றேன். "மீசையப் பாரு. பிடிக்க வர்றவனுக்கு வித்தியாசம் தெரியுமா?" கடையில் கூட்டம். அழித்துக் கொடுத்துவிட்டேன்.

2020 பிப்ரவரியில் 12 பேர் மீதும் வழக்கை மீட்டுக்கொண்டார்கள். படம் வைத்திருப்பதாலேயே ஒருவன் பயங்கரவாதி ஆகிவிட மாட்டான் என்று சட்டத்துறைத் தலைவரே சொன்னார். அடுத்த வாரம் பெரியவர் அதே ஃபோனோடு வந்து நிற்கிறார். "இப்பப் பரவாயில்லையாம். அதத் திரும்பப் போட்டுக் குடு."

இந்தத் தடவை இது தோற்கட்டும். ஒட்டுக்கேட்கிற அதிகாரமும் அத்தோடு தொலையும்.

மூணாம் லயம்

என் வீட்டுக்காரரைக் குண்டர் கும்பல் கேஸ் என்று அழைத்துப் போனார்கள். வெளியில் இருக்கிறவர்கள் சொஸ்மா என்றால் குண்டு, புலி என்றுதான் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இதில் உள்ளே போனவர்கள் எல்லாம் கும்பல் கேஸ்தான்.

பல நாள் கழித்து ஒரே ஒரு கால் வந்தது. எடுத்தால், "சாயா சிஹாட். ஜாங்ஙான் ரிசாவ்" என்கிறார். நலமாக இருக்கிறேன், கவலைப்படாதே என்று. 14 வருடக் குடித்தனத்தில் என்னிடம் அவர் மலாயில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை போட்டால்கூடத் தமிழில்தான். யாரோ பக்கத்தில் நின்று கேட்கிறார்கள் என்று புரிந்தது. எனக்கும் வாயில் தமிழ் வரவில்லை. "பாய்க், பாய்க்", சரி, சரி என்று மலாயிலேயே சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சொஸ்மாவில் பிடித்து வைக்கக்கூடிய 28 நாள் முடிவதற்குள் விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை, விளக்கமும் இல்லை. இன்றைக்கும் வீட்டில் முக்கியமான பேச்சு என்றால் அவர் ஃபோனைத் தூக்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு வந்துதான் உட்காருவார். பிள்ளைகள் சிரிக்கும். நான் சிரிப்பதில்லை.

பத்திரிகைப் பைத்தியம்

கடைக்காரத் தம்பி சொல்வது தப்பு. எல்லாரும் இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் நீட்டிக்க வேண்டியது இந்தச் சட்டத்தின் 4(5) பிரிவு ஒன்றுதான். அதாவது, 24 மணி நேரத்துக்கு மேல் 28 நாள் வரை நீதிபதியிடம் கொண்டுபோகாமல் வைத்திருக்கிற அதிகாரம். ஒட்டுக்கேட்பது 6ஆம் பிரிவு. அதற்குக் காலாவதியே கிடையாது. தபாலைப் பிரிக்கலாம், பேச்சைக் கேட்கலாம், மெசேஜைப் படிக்கலாம். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அனுமதித்தால் போதும், நீதிபதி வேண்டாம். அவசரம் என்றால் அந்த அனுமதியும் இல்லாமல் சூப்பரிண்டெண்டண்ட் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி செய்யலாம், பிறகு தெரிவித்தால் சரி. 2022 மார்ச்சில் நீட்டிப்பு 84க்கு 86 என்று தோற்றதே, ஊரே கொண்டாடியது. அப்போதும் 6ஆம் பிரிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார்கள், அது வேறு கதை.

என் அனுபவமா? கோயில் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

ஆனால் சில விஷயம் சொல்லியாக வேண்டும். வந்ததை எல்லாம் குரூப்பில் ஃபார்வர்ட் பண்ணாதீர்கள். ஐசி, அதாவது அடையாள அட்டை நகலை ஊருக்கெல்லாம் கொடுக்காதீர்கள், உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் கார்டு எடுத்தால் வம்பு உங்களுக்கு. பிடித்தால் குடும்பத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஆகவே எங்கே, எந்தப் பிரிவு, அதிகாரி பெயர் என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். வக்கீலைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம், அதற்காகக் கத்தாதீர்கள். அப்புறம் அந்த அரிசி டின். டின்னுக்குள் போட்டால் சத்தம் குறையும், அவ்வளவுதான். ஃபோனை அடுத்த அறையில் வைத்தால் போதாதா?

மூணாம் லயம்

அண்ணே, டின்னைப் பற்றி நான் யோசனை கேட்கவில்லை.

பழைய மண்டோர் மகன்

என் அம்மா சொன்னது. 1948 ஜூனில் எல்ஃபில் தோட்டத்துத் துரையைச் சுட்ட பிறகு அவசரகாலம் வந்தது. அப்புறம் முள்வேலி போட்டார்கள். ரப்பர் பால் வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை, காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று. அம்மாவின் தூக்குச் சட்டியைத் திறந்து பழைய சோற்றுக்குள் ஒருவன் கையை விட்டுத் துழாவினானாம். அன்றைக்கு முழுக்க அம்மா சாப்பிடவில்லை. எண்பது வயதிலும் சட்டியை மூடும்போது அந்தக் கையைப் பற்றிச் சொல்வார்.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது, மறுநாளே இசா, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். இசா போய் சொஸ்மா நடப்புக்கு வந்த நாளும் ஜூலை 31தான், 2012இல். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இசாவில் 60 நாள், அப்புறம் அமைச்சர் கையெழுத்தில் இரண்டு இரண்டு வருடமாகக் கமுந்திங் தடுப்பு முகாம். அதற்கு இது எவ்வளவோ மேல்.

மூணாம் லயம்

மேல்தான் ஐயா. உள்ளே இருப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள். வழக்குப் போட்டுவிட்டால் ஜாமீனும் இல்லை. 28 நாள் என்பது வெளியில் இருக்கிறவர்கள் எண்ணுகிற கணக்கு.

கடைக்காரத் தம்பி, அந்தப் படம் கிடைத்ததா?

ஃபோன் கடைக்காரன்

6ஆம் பிரிவு விஷயம் எனக்குத் தெரியாது, தப்புத்தான்.

படம் கிடைக்கவில்லை அக்கா. இரண்டு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். அவர் மாரியம்மன் திருவிழா வீடியோவாக எடுத்து ஃபோனை நிரப்பி வைத்திருந்தார், எல்லாம் அதற்குக் கீழே போய்விட்டது. காசு வேண்டாம் என்றேன். ஐந்து வெள்ளி நோட்டை மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார்.